ஒரே ஒரு கடிகாரம்

“வாட்ச், போன், நேரம் காட்டுற எதுவா இருந்தாலும் இந்த டப்பாவுல போடுங்க. நாளைக்கு மலை மேல ஒரே ஒரு கடிகாரம்தான். அது என்னோடது” என்றார் வழிகாட்டி.

கூடாரத்தில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் முனகிக்கொண்டே கழற்றிப் போட்டார்கள். வாட்ச் கடைக்காரர் மட்டும் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முப்பது வருஷமாக அடுத்தவர் கடிகாரத்தை வாங்கி வைத்தே பழகிய கை. கொடுத்துப் பழக்கமில்லை.

“எதுக்குங்க?”

“ஆளுக்கொரு நேரம் வச்சிருந்தா மேல நின்னு சண்டை போடுவீங்க. மணி ரெண்டு ஆச்சுன்னா, உச்சிக்கு நாலு அடி இருந்தாலும் திரும்பச் சொல்வேன். திரும்பணும்.”

கடைக்காரரும் போட்டார். போட்டாரே தவிர, மனசு ஒப்பவில்லை.

லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, இரண்டு அங்குலத்துக்கு அப்பால் எதையும் பார்க்காத பிழைப்பு அவருடையது. ஒரு தடவையாவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் கூத்து. ‘கடைக்காரர் மேலே போயிருக்கிறார்’ என்று எழுதிக் கடைக் கதவில் ஒட்டிவிட்டு வந்திருந்தார். அதைப் படித்த மனைவி, “பாக்கறவங்க மாலையோட வந்துடப் போறாங்க. ஒழுங்கா இறங்கி வந்து, உங்க கையாலயே இதைக் கிழிங்க” என்று சொல்லியிருந்தாள்.

வெளியே வந்ததும், அந்த ஐந்து பேரில் ஒருவரான பல் டாக்டர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார்.

“நம்பிட்டீங்களா அந்த ஆளை?”

“ஏன் டாக்டர்?”

“எனக்கு இது மூணாவது தடவை. ரெண்டு தடவையும் கூப்பிடு தூரத்துல உச்சி. ‘மணி ரெண்டு’ன்னு திருப்பி விட்டுட்டான். உச்சியைப் பார்த்துட்டா மறுபடி எவன் வருவான், சொல்லுங்க?”

பல் டாக்டரின் முன்பல் பாதி உடைந்திருந்தது. ஊரார் வாயைப் பார்க்கவே நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். கடைக்காரர் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் நின்று நாலு வருஷமாகிறது.

சாயங்காலம் வழிகாட்டியே தேடி வந்தார். “குளிர்ல பேட்டரி சோர்ந்துடுச்சு போல. உங்க கையால ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்று தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, சமையல் கூடாரத்துக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார். பேட்டரி புத்தம் புதிது!

“பாத்தீங்களா? நாளைக்கு ‘பேட்டரி மக்கர்’னுட்டு வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லப் போறான்” என்று பல் டாக்டர் காதைக் கடித்தார். “நாம முந்திக்கணும். ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைங்க. அதுல ரெண்டு அடிக்கிறப்ப நிஜத்துல மூணு. நாம உச்சியில நின்னு உலகத்தையே பாத்துக்கிட்டிருப்போம்.”

“தப்பில்லையா?”

“தப்பு பண்றது அவன். தொழில் தெரிஞ்ச கை உங்களோடது. வேற யாரால முடியும்?”

முப்பது வருஷத்தில் ஒரு கடிகாரத்துக்குக்கூட அவர் தப்பான நேரம் வைத்ததில்லை. இருந்தும் முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்.

மறுநாள் கிளம்பும்போது வழிகாட்டி எல்லோரையும் கயிற்றில் பிணைத்தார். பல் டாக்டர் கடைசி. கடைக்காரர் மட்டும் வழிகாட்டிக்கு நேர் பின்னால், இரண்டு முழ இடைவெளியில்.

“என்னை மட்டும் ஏங்க கன்னுக்குட்டி மாதிரி கட்டறீங்க?”

“நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதி” என்று சிரித்தார் வழிகாட்டி.

அந்தச் சிரிப்பு அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

விடிந்ததிலிருந்து ஏறினார்கள். பத்து அடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. கடைசியில் உச்சி, அதோ, கல்லெறியும் தூரத்தில் தெரிந்தது. வழிகாட்டி நின்றார். சட்டைக் காலருக்குள் கையை விட்டு எதையோ சரிசெய்துகொண்டார்.

“மணி ரெண்டு. திரும்புங்க.”

கடைக்காரர் கழுத்தை நீட்டி அவர் மணிக்கட்டைப் பார்த்தார். முள் ஒன்றில்தான் இருந்தது!

“வாட்ச்சைப் பாத்துச் சொல்லுங்க” என்றார் ஆத்திரத்தோடு.

“பாத்துத்தான் சொல்றேன்.”

அதற்கு மேல் என்ன கேட்பது? ‘உங்க கையில ஒண்ணுதானே காட்டுது’ என்று கேட்டால், ‘நிஜத்துல எத்தனை?’ என்று திருப்பிக் கேட்பார். நிஜத்தில் இரண்டு. திருடியவனே திருட்டுக் கொடுத்ததுபோல் விழித்துக்கொண்டு இறங்கினார் கடைக்காரர்.

கூடாரத்துக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை. மேகம் வந்து உச்சியை மூடியது. காற்று கூடாரத்தைப் பிடுங்கப் பார்த்தது. இன்னும் ஒரு மணி நேரம் மேலே இருந்திருந்தால், கடைக் கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்க ஆள் இருந்திருக்காது. தன் பத்து விரல்களையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

வழிகாட்டி எதிரே வந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

“ஒரு மணி நேரம் பின்னால தள்ளினீங்களே, சரி பண்ணிடுங்க.”

கடைக்காரரின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

வழிகாட்டி காலருக்குள்ளிருந்து கயிற்றில் கோத்த இன்னொரு கடிகாரத்தை வெளியே எடுத்தார். “நேரம் பாக்கறது இதுல. கையில கட்டியிருக்கறது, உச்சி மேல யாருக்கு வெறின்னு பாக்கறதுக்கு. அதுல கை வைக்கிற ஆளை என் பக்கத்துலயே கட்டிக்குவேன். அவரைத்தான் முதல்ல பத்திரமா வீடு சேர்க்கணும்.”

“ஐயா, தப்புதான். ஆனா சத்தியமா எனக்கா தோணலை. அந்தப் பல் டாக்டர்தான்...”

அதற்குள் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் டீயோடு அந்த உடைந்த முன்பல் உள்ளே வந்தது. “அத்தான், அடுத்த கூட்டத்துக்கு என்னை வக்கீல்னு சொல்லிடுங்க, பல் டாக்டர்னா ஆளாளுக்கு வாயைத் திறந்து காட்டுறாங்க.”