புஷ்பபாய் வீட்டு வெள்ளம்

"சோமன் இண்ணைக்கும் நம்ம வீட்டு வெள்ளம் குடிக்கல்லேண்ணா, அவருக்க மக கல்யாணத்துக்கு நான் போக மாட்டேன். நீங்களும் போகப்பிடாது."

புஷ்பபாய் தீர்ப்பு சொல்லிவிட்டாள். மஞ்சள்காமாலையில் படுத்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் சத்தியதாஸ், கீழாநெல்லிச் சாற்றை மூக்கைப் பிடித்து விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கப்பட்ட மனுசன். ஒரு கிளாஸ் வெள்ளத்துக்காகவா பிணங்கணும்?"

குன்னத்துகால் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பேர். வீடு தேடி வந்தவர் அதில் ஒரு மிடறாவது விழுங்காமல் எழுந்து போனால், செவிட்டில் அடித்த மாதிரி.

இத்தனைக்கும் சோமன் சின்ன வயதில் சத்தியதாஸோடு இந்த வீட்டுக் கிணற்றில் கோரிக் கோரிக் குடித்து வளர்ந்தவர். தன் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புது வீடு கட்டிய பிறகுதான் சொட்டு வெள்ளம் தொடுவதில்லை. கேட்டால் ஒரு காரணம் வைத்திருப்பார். கொளுத்துகிற சித்திரையில், "சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன்" என்பார். கழுத்தில் மாலை இருக்காது. மற்ற நாளெல்லாம், "இப்பத்தான் ஒரு இளநி வெட்டிக் குடிச்சேன்" என்பார். அவர் குடித்ததாகச் சொன்ன இளநீரையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒரு தென்னையிலும் குரும்பைகூட மிஞ்சியிருக்காது.

"வசதி வந்துது. பொறத்தாலயே சாதியும் வந்துட்டு" என்று புஷ்பபாய் முடிவு கட்டியிருந்தாள். அதற்காக ஞாயிறுதோறும் சர்ச்சில் முழங்காலிட்டு அவரை மன்னித்துக்கொண்டும் இருந்தாள்.

வந்தார் சோமன். ஒரு கையில் கல்யாண அழைப்பிதழ். இன்னொரு கையில் செந்துளுவன் வாழைக்குலை.

"மதிலோரத்து வாழையாக்கும், புஷ்பம். ஒரு பிடி வளமோ உரமோ வச்சதில்ல. காய் ஒண்ணொண்ணும் ஆனைக்குட்டிக்கத் தும்பிக்கை கணக்கா வந்து நிக்குது. எனக்கக் கைராசி!"

பிறகு சத்தியதாஸைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எலே, கண்ணு இன்னும் மஞ்சளாட்டுதானே இருக்கு. கொதிச்ச வெள்ளம்தான் குடிக்கணும், கேட்டியா."

புஷ்பபாய் உள்ளே போனாள். பதிமுகம் என்னும் மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய வெள்ளம், செக்கச் சிவந்து, ஆவி பறக்க, அவள் கையில் வந்தது.

சோமன் வாயைத் திறந்தார். இளநீர் என்று சொல்லத்தான். கிளாஸில் இருந்து கிளம்பிய ஆவியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"கொதிச்சதா?"

"பாத்தா தெரியல்லியா?"

"அப்ப தா."

வாங்கிவிட்டார்! புஷ்பபாய்க்குக் கண் கலங்கிப்போனது. கர்த்தர் ஒரு மனுஷனை மாற்ற நினைத்தால் எவ்வளவு நேரம் ஆகும்? சோமன் கிளாஸை உதட்டருகே கொண்டுபோனார். ஊதினார். மறுபடியும் ஊதினார்.

"சுடுதோ அண்ணே? கொஞ்சம் நில்லுங்க."

மூலையில் இருந்த குடத்தில் கிணற்றுத் தண்ணீர். பிரியம் பொங்க அதில் ஒரு கப்பு மோந்து, கிளாஸ் நிறைய ஊற்றினாள்.

"இப்ப மடமடாண்ணு குடிக்கலாம்."

சோமனின் கை நெஞ்சு மட்டத்தில் நின்றது. சிவப்பு வெளுத்துப்போன வெள்ளத்தைப் பார்த்தார். மெதுவாக மேசையில் வைத்தார்.

"வரச்சிலதான் ஒரு இளநி..."

அவ்வளவுதான்.

"எங்க வெள்ளம் தொண்டையில எறங்கினா உங்க சாதி கரைஞ்சிருமோ?"

"அய்யோ! சாதியா? எனக்கா? புஷ்பம், சத்தியமாட்டு..."

கேட் திறந்தது. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிக்காரி பிரசீதா, பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடு வந்தாள். சத்தியதாஸுக்குக் காமாலை என்றதும் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனவள்.

"சேச்சி, ரிசல்ட் வந்தாச்சு. உங்க கிணத்து வெள்ளத்துல மலக்கிருமி உண்டு."

"நான் கொதிக்க வச்சுல்லா கொடுக்கேன்!"

பிரசீதா குடத்தையும் கிளாஸையும் பார்த்தாள்.

"கொதிக்க வச்சுட்டு, ஆத்துறதுக்குப் பச்ச வெள்ளத்தை ஊத்துவீங்களோ? பின்ன கொதிக்க வச்சு என்ன பிரயோஜனம்? உங்க கக்கூஸ் குழி எங்க?"

"அது வீட்டுக்கு அந்தாப்புறம். கிணத்துக்கும் அதுக்கும் வெகு தூரம்."

"பின்ன எங்க இருந்து ஊறி வருது?"

வாசலில் நின்றே கிணற்றடியைச் சுற்றிலும் பார்த்த பிரசீதாவின் கண், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாழைகளில் போய் நின்றது. ஊரெல்லாம் வாழை வெயிலில் வாடிக் கிடக்க, இவை மட்டும் கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றன.

"இந்த வாழை யாருக்குள்ளது?"

சோமன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

"அண்ணே, புது வீட்டுக்குச் செப்டிக் டேங்க் எங்க வச்சீங்க?" பிரசீதா விடவில்லை.

"அது... கன்னிமூலையில ஆகாதுண்ணு வாஸ்துக்காரன் சொன்னான். அப்ப இந்த மதிலோரம்தான்..." சோமன் புஷ்பபாய் பக்கம் திரும்பினார். "அதனாலதான் புஷ்பம், கொதிச்சதுண்ணதும் நான் வாங்கினேன். நீதானே பச்ச வெள்ளத்தை ஊத்திட்டே!"



புஷ்பபாய் புருஷனின் மஞ்சள் கண்ணைப் பார்த்தாள். சோமன் கொண்டுவந்த செந்துளுவன் குலையைப் பார்த்தாள். பிறகு, ஞாயிறுதோறும் அவருக்காக ஜெபித்த அதே பாவனையில் கையைக் கூப்பி, கூரையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆண்டவரே, இவரு சாதி பாக்குற மனுசனாட்டே இருந்திருக்கப்பிடாதா!"