கண்ணுக்கு மறையும்வரை

அவள் சுவிட்சைத் தட்டியதும் விண்கலம் லேசாகக் குலுங்கியது.

அவ்வளவுதான். சத்தமே இல்லை.

திறந்திருந்த பெரிய கதவுகளுக்கு நடுவிலிருந்து செயற்கைக்கோள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு எழும்பியது. ஊர் உலகத்தையெல்லாம் போனில் பேச வைக்கப்போகிற சாமான். அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

அவள் ஜன்னலோரம் மிதந்துகொண்டிருந்தாள். கீழே கடல் நழுவிப்போனது. எல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது.

அப்பா செத்துப்போனதும்கூட.

போன வாரம்தான். தொற்று எதுவும் வந்துவிடக் கூடாதென்று பயணக் குழுவைத் தனியாக அடைத்து வைத்திருந்த நேரம். வெளியே போனால் பயணம் கிடையாது.

அவள் போகவில்லை.

பெரியப்பா மகன் ஆவுடையப்பன்தான் கொள்ளி வைத்தான். அன்று சாயங்காலமே போன் செய்தான்.

“திரும்பிப் பாக்காம வந்துட்டேம்மா. எல்லாம் முறைப்படி முடிஞ்சுது. நீ நல்லபடியா போயிட்டு வா.”

முறைதான். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஆத்திரமாக வந்தது. ஒருத்தர்கூடவா திரும்பிப் பார்க்கவில்லை? போகாதவளுக்கு என்ன ஆத்திரம் என்று தன்மேலும் வந்தது.

அப்பா அப்படியா? அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரை வருவார். தான் சொன்னால்தான் வண்டி கிளம்பும் என்பதுபோல் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு வெயிலில் நிற்பார். பஸ் அப்போதே போயாச்சே என்று டீக்கடைக்காரர் கேலி செய்தால் ஒரே பதில்தான்.

“இன்னும் தெரியுது.”

அடுத்த முறை போகும்போது டீக்கடைக்காரர் அவளிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கேப்டன் விண்கலத்தைத் திருப்ப ஆரம்பித்தார். இன்னும் உயரே போகச் செயற்கைக்கோளின் எஞ்சின் பற்றிக்கொள்ளும்போது அதன் புகை ஜன்னல்களைக் கெடுத்துவிடும். அதனால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இங்கேயும் அதே முறை.

ஜன்னலில் இப்போது வெறும் இருட்டு. வெளியே நீண்டிருந்த இயந்திரக் கையில் ஒரு கேமரா இருந்தது. வேண்டுமானால் அதில் பார்த்துக்கொள் என்று கேப்டன் திரையைக் காட்டினார்.

நெருப்பு பற்றியது.

திரையின் ஓரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

தீ நகர்ந்தது. சிறுத்தது. மற்றவர்கள் கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவள் அசையவில்லை. தீ ஒரு புள்ளியாயிற்று. பிறகு அதுவும் இல்லை.

வெகு நேரம் கழித்துக் கேப்டன் வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

“இன்னும் தெரியுது,” என்றாள் அவரிடம்.