கதவோரம் ஒரு நசுங்கல்

வேலையாட்களை ஏற்றிப்போகும் வேனைப் பட்டறையிலிருந்து எடுக்க மாலை ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடும். பட்டாசுக் கம்பெனி நாளை மறுபடியும் திறக்கிறது.

செழியன் வேனைச் சுற்றிப் பார்த்தான். எல்லாப் பக்கமும் பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடிக்கத் தயாராக இருந்தது. கதவோரம் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கிய இடம் மட்டும் அப்படியே கிடந்தது.

"என்னக்கா, மூணு மாசமா டிங்கர் வேலை படிக்கீக. இம்புட்டுப் பெரிய நசுங்கல் கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

"தெரியுது தம்பி" என்றாள் குருவம்மாள்.

"பெறகென்ன? நகருங்க, நானே தட்டி எடுக்கேன்."

அவன் சுத்தியலை எடுத்ததும், அவள் அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எம்மக ரோஜா தூக்குவாளியால தட்டித் தட்டி விழுந்தது தம்பி. நான் ஓடிவந்து ஏறுற வரைக்கும் தினமும் வண்டிய நிறுத்தி வைப்பா. கம்பெனி வெடிச்ச அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். தட்டாமயே ஏறிப் போயிட்டா. இதையும் நிமித்திட்டா, நான் எதத் தொட்டுப் பாக்க?"