காக்கா தொடாத குழம்பு

"எனக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு தெரியல. ஆனா எங்கப்பா புளிப் பொடி போட்ட குழம்பக் கையால தொட்டதில்ல," என்றார் வைரக்கண்ணு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்த இலையைப் பார்த்தபடி.

"தாத்தா காலத்துல புளிப் பொடியே கிடையாதேப்பா," என்றான் மகன் பரணிதரன்.

"அதான் சொல்றேன், தொட்டதில்லன்னு."

மருமகள் பூர்ணிமா பக்கத்தில் நின்றிருந்தாள். அன்று அந்தத் தாத்தாவுக்குத் திதி. படையல் முடிந்து, இலைத் துண்டில் சோறும் வத்தக்குழம்பும் வடையும் வைத்து, ஒரு மணி நேரமாக மாமனார் "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காக்கா தொட்ட பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் சோறு வைக்கலாம்.

எதிர்வீட்டுத் தென்னை மட்டையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இலையைப் பார்த்தது. பிறகு பாபநாசம் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

"கோவத்துல இருக்கார்," என்றார் மாமனார். "பொடி வாசனை அங்க வரைக்கும் போயிருக்கு."

கீழேயிருந்து மாமியார் பிரகதாம்பாளின் குரல் வந்தது. "ஏங்க, நான் சுகர் மாத்திரை போட்டு அரை மணி ஆச்சு. உங்கப்பா கோவத்துக்கு நான் மயங்கி விழணுமா?"

மாமனார் முடிவுக்கு வந்தார். "இந்தாம்மா, குடைக்குப் பக்கத்துல பாயில குத்தாலத்துப் புளி காயுது. ஒரு கை அள்ளிட்டுப் போயி, ஊறவச்சுக் கரைச்சு, குழம்பப் புதுசா வையி. இன்னியோட இந்த வீட்ல பொடிக்கு முழுக்கு."

பூர்ணிமாவுக்கு வேலைக்குப் போகக் காலை ஏழரை மணிக்குக் கும்பகோணம் பஸ். அதற்குள் சமையல், மூன்று பேருக்குச் சாப்பாட்டு டப்பா. அந்தப் பொடிதான் தினமும் அவளுக்குக் கால் மணி நேரத் தூக்கம் தந்துகொண்டிருந்தது.

"சரிங்க மாமா," என்று பாயருகே போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். ஒரு கை புளியோடு கீழே இறங்கினாள்.

கால் மணியில் புது இலை வந்தது.

"அதுக்குள்ளயா?" என்றான் பரணிதரன்.

"வெந்நீர்ல ஊறவச்சேன்."

மாமனார் கூப்பிடக்கூட இல்லை. தென்னையிலிருந்து காக்கா நேரே இறங்கியது. குழம்புச் சோற்றை நாலு கொத்து கொத்தியது. வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

வைரக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியாடா? அதான் எங்கப்பா நாக்கு."

எல்லோரும் சாப்பிட்டார்கள். மாமனார் மூன்று தரம் குழம்பு கேட்டு வாங்கி, "கரைச்ச புளிக்கு ஈடு உண்டா," என்றார். மாமியார் மயங்கி விழவில்லை. பரணிதரன் தூங்கப் போனான். புளிப் பொடிப் பாக்கெட் அதன்பின் அந்த வீட்டில் யார் கண்ணிலும் பட்டதில்லை. பூர்ணிமாவின் கைப்பையில் வந்து நேரே புளி ஜாடிக்குள் போனது.

அந்த ஒரு கை குத்தாலத்துப் புளி, குத்துவிளக்குத் தேய்க்க உதவியது. இரண்டாவது இலையில் இருந்ததும் காலையில் வைத்த அதே பொடிக் குழம்புதான். புளியைக் காக்கா கொத்தாமலிருக்க மாமனார் விரித்துக் கட்டியிருந்த கறுப்புக் குடையை மட்டும் அவள் மடக்கி வைத்திருந்தாள்.