சீக்கிரமே திறந்த கதவு

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். வராந்தாவில் காலை வெயில் பெஞ்சின் பாதிவரை ஏறியிருக்கிறது. நோயாளியின் அக்கா என்னைக் கண்டதும் எழுகிறார். மடியிலிருந்த பிளாஸ்க் மூடி விழுந்து உருண்டோடுகிறது, அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபரேஷன் முடிய சாயங்காலம் வரை ஆகும் என்று நேற்று அவரிடம் சொன்னதே நான்தான். புற்றுநோய் வார்டில் டாக்டர் சீக்கிரம் வெளியே வந்தால், வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் மூடிவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைப்பார்கள். உள்ளே, சினைப்பையிலிருந்து எடுத்த கட்டியை உடனே சோதித்ததில் புற்று இல்லை என்று லேபிலிருந்து போன் வந்திருக்கிறது. பெரிய டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். அசையாமல் நின்றே மரத்துப்போன காலை இழுத்து இழுத்து நடக்கிறேன். அக்காவின் முகம் பேயறைந்ததுபோல் வெளிறுகிறது. முகக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சட்டென்று கீழே இழுக்கிறேன். என் பல்லெல்லாம் தெரிகிறது. "கேன்சர் இல்லக்கா. கட்டிய எடுத்தாச்சு. தங்கச்சி நல்லா இருக்காங்க." அவர் தொப்பென்று பெஞ்சில் உட்கார்கிறார். நேற்றெல்லாம் டாக்டரம்மா, டாக்டரம்மா என்றவர், அழுதுகொண்டே என் கையில் பட்டென்று ஓர் அடி வைக்கிறார். "இதச் சொல்லவா இப்படி ஆடி அசைஞ்சு வந்தே? ஓடி வந்திருக்கக் கூடாதாடி, பாவி!"