உப்பு படிந்த கண்ணாடி

காரின் தண்ணீர்த் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை.

போல்ட் இரண்டையும் கழற்றியாகிவிட்டது. இன்னும் என்ன வீம்பு அதற்கு.

இன்னொரு இழுப்பு. பத்தொன்பது வருட அழுக்கோடு கைக்கு வந்தது.

பதினோரு மணிக்குக் காரை எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வைப்பர் ஓடினால் மட்டும் போதாது, கண்ணாடியில் தண்ணீரும் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேறினால் கார் இன்னும் ஐந்து வருடம் வாசலில் நிற்கும். தேறாவிட்டால் காயலான் கடை. மகன் ஆளே பார்த்து வைத்திருக்கிறான்.

கார் அவர் மனைவி செலினுடையது. ஓட்டுவதும் அவள்தான். அவருக்கு ஓட்ட வராது.

"அத நான் பாத்துக்கிடுதேன், நீங்க கை வைக்காதீங்க" என்று நேற்றுக்கூடச் சொன்னாள். முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருக்கிறாள். அவளும் எத்தனையைத்தான் பார்ப்பாள். காய் வாங்கப் போன சாக்கில் தண்ணீர் அடிக்கும் புது மோட்டாரையும் வாங்கி ஒளித்துவைத்தார். இப்போது அவள் காலைப் பூசைக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் மாட்டிவிட வேண்டும்.

ஏழு வருடமாகக் கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போய்விட்டது என்று ஒருநாள் சொன்னாள், அவ்வளவுதான். மாற்றிவிடலாம் என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் அடுத்த மாசம் என்பாள்.

அந்த அடுத்த மாசம் வரவேயில்லை.

தூத்துக்குடியிலிருந்து அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் உப்பளம். காற்றில் வரும் உப்பு கண்ணாடியில் படியும். வைப்பரைப் போட்டால் இன்னும் மோசம், சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டுவாள்.

அவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்குவார். அந்தக் காரில் அவருக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது.

ஊற்றிவிட்டுச் செய்தித்தாளால் துடைப்பார். துடைக்கத் துடைக்க அவள் முகம் தெரியும். முதலில் நெற்றி. பிறகு மூக்குக் கண்ணாடி. விட்டுப்போன மூலையை உள்ளேயிருந்தே விரலால் காட்டுவாள்.

பிறகு அவளும் இறங்கி நிற்பாள். பிளாஸ்க் மூடியில் காப்பி. ஒரே மூடி, ஆளுக்கு ஒரு வாய்.

வீட்டில் எட்டுப் பேர். ஆஸ்பத்திரியில் ஊரே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வைத்திருந்த ஸ்டேஷனரி கடையில் பள்ளிக்கூடமே நிற்கும். நாள் முழுவதிலும் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

அதற்காகவே அவர் படுக்கையை விட்டு எழுந்த நாட்கள் உண்டு.

அவளிடம் சொன்னதில்லை. டியூட்டிக்கு ஓடுகிறவளைத் தினமும் தாமதப்படுத்துகிறோமே என்றுதான் மனசு உறுத்தும். கார் ஓட்டத் தெரிந்த ஒருவனைக் கட்டியிருக்கலாம் என்று அவளும் நினைத்திருப்பாள். கேட்கவா முடியும்.

இனி எப்போதாவது அந்த வழியில் போனாலும் வண்டியை நிறுத்த வேண்டியிராது. போகட்டும். கார் தங்கினால் போதும்.

தொட்டியைப் புரட்டினார். அடியில் பழைய மோட்டார். வயரைக் கழற்றலாம் என்று தேடினார்.

மோட்டாரில் வயர் இல்லை.

அது எஞ்சின் ஓரத்தில் தனியாகச் செருகிக் கிடந்தது. முனையிலிருந்த பிளக்கை ஒரு பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி. கத்தரியால் நேராக வெட்டியது. உரிக்க வசதியாக ஓரத்தை மட்டும் உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தது. பிள்ளைகள் விழுந்து வாரிக்கொண்டு வந்தால் அவள் அப்படித்தான் ஒட்டுவாள்.

சுற்றிலும் கரியும் எண்ணெயும். பிளாஸ்திரி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஏழு வருடப் பிளாஸ்திரி இவ்வளவு வெள்ளையாக இருக்காது. மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறாள்.

மெதுவாக உரித்தார். பிளக்கைப் பழைய மோட்டாரில் செருகினார். உள்ளே போய்ச் சாவியைத் திருப்பி லீவரை இழுத்தார்.

மோட்டார் கொஞ்சம் முனகியது. பிறகு ஓடியது.

அவர் வெளியே வந்து மோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. இத்தனை வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்படியும் அது நிற்கவில்லை.

கேட் திறந்தது. செலின் தலை முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. திறந்திருந்த பானட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேம்லா."

வழக்கமான அதட்டல் அதில் இல்லை.

அவர் பழைய மோட்டாரைத் தூக்கிக் காட்டினார்.

"எரிஞ்சு போச்சு. ஒண்ணுக்கும் ஆகாது."

அவள் மோட்டாரைப் பார்க்கவில்லை. அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். உரித்த பிளாஸ்திரி அதில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. கையைப் பின்னால் கொண்டுபோவதற்குள் பிடித்துவிட்டாள்.

"வெட்டிக்கிட்டீங்களா?"

"லேசா."

பிளாஸ்திரியை நிதானமாக விரலைச் சுற்றி ஒட்டினாள். அழுத்திவிட்டாள். விரலை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காயம் எங்கே என்று பார்க்கவில்லை.