உள்ளே விட்ட துணி

மதிய வெயில் தையல் மெஷின் சக்கரத்தில் பட்டுச் சுவரில் வட்டமாக ஆடுகிறது. தையல்காரர் தன் சொந்த பேண்ட்டின் இடுப்பைப் பின்பக்கம் பிடித்துத் தைத்து முடிக்கிறார். உடம்பைக் குறைக்க இரண்டு மாதமாக மதியத்துக்குக் காய்கறி சூப்தான்; இடுப்பு தொளதொளத்துவிட்டது. முதல் வாரம் கிண்ணத்தைப் பார்த்தாலே முகம் கோணியவருக்கு இப்போது மிளகு வாசனை வந்ததும் நாக்கு ஊறுகிறது. உள்ளே மடங்கி நிற்கும் மிச்சத் துணியை வெட்டக் கத்தரியை எடுக்கிறார். அடுப்படியில் சூப்பைக் கிளறும் மனைவிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

“ஐயோ, வெட்டாதீங்க! யாருக்குத் தைச்சாலும் உள்ளே ரெண்டு இஞ்ச் விட்டுத்தானே தைப்பீங்க? குண்டானா பிரிச்சுக்கலாம்னு சொல்வீங்களே!”

“அது மத்தவங்களுக்கு. நான் இனிமே குண்டாகிறதா இல்ல.”

“கொஞ்சம் யோசிங்க.”

“யோசிச்சாதான் பசிக்குது.”

கறுக் கறுக்கென்று கத்தரி ஓடுகிறது. தடித்த துணியில் உள்ளங்கை நீளத்துக்கு இரண்டு துண்டுகள் மேசையில் விழுகின்றன. மனைவி அவற்றை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு கைக்கு ஒன்றாக எடுத்து மடித்து, கொதிக்கிற சூப் பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து இறக்குகிறாள். கை சுடவே இல்லை.